சுகர் மேல் போட்ட பழி: ஓர் ஈறு நோய் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 47. டவுன் பஸ் கண்டக்டர். காவிரிப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் நான் கிளினிக் வைத்திருக்கிறேன். அவர் வண்டி என் கிளினிக் வாசலைத் தாண்டித்தான் போகும். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பல் பற்றிய விவரங்களில் கை வைக்கவில்லை.

அவர் சொன்ன குறைகள் மூன்று. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. வாயில் நாற்றம் அடிக்கிறது, டிக்கெட் கொடுக்கும்போது ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மேல் வலது கடைவாயில் சாப்பிட்டதெல்லாம் போய் மாட்டிக்கொள்கிறது. எழுந்து போகும்போது, போகிற போக்கில், "முன்பல்லுக்குப் பின்னாடி எப்பவாவது ஒரு கொப்புளம் மாதிரி வரும் டாக்டரம்மா, அதுவா அமுங்கிடும்" என்று நான்காவதாக ஒன்றும் சொன்னார். அதையும் கார்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு மறந்தும் போனேன். அதைப் பற்றிப் பிறகு.

காரணம் என்னவென்று அவரே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆறு வருடமாகச் சுகர், மாத்திரை சாப்பிடுகிறார். மனைவி, டிப்போ நண்பர்கள், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் "சுகர் இருந்தா ஈறு அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கொண்டுவந்த மூன்று மாத சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 7.1.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் அதிகம் வரும், வேகமாகவும் முற்றும். ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் ஏறும் என்று திருப்பியும் சொல்லலாம். ஆனால் ஒரு காரணம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தால் மற்றக் காரணங்களை யாரும் தேடுவதில்லை. நாங்களும் சில சமயம் அப்படித்தான்.

168 இடங்கள்

ஈறைப் பார்ப்பதற்கு எங்களுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முனை மழுங்கிய, மெல்லிய ஒரு கம்பி போதும். அதில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும்: 1, 2, 3, அப்புறம் 5, அப்புறம் 7, 8, 9, 10. நாலும் ஆறும் இருக்காது. சட்டென்று படிக்க வசதியாக அப்படி விட்டிருக்கிறார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்க வேண்டும். நகத்துக்கடியில் வைத்து அழுத்தினால் வலிக்காத அளவு விசை, சுமார் 20 முதல் 25 கிராம். நல்ல ஈறில் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிடும். நாலோ அதற்கு மேலோ போனால் அங்கே பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பல்லுக்கு ஆறு இடம் அளக்க வேண்டும், வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று.

அவருக்கு 28 பற்கள், அதாவது 168 இடங்கள். நான் அளவைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, இரண்டு. மூன்று, இரண்டு, மூன்று. கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தூக்கமே வந்துவிட்டது. முடித்துவிட்டுக் கூட்டிப் பார்த்தால், நாலு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்த இடங்கள் 12 மட்டுமே. அதில் நாலு இடம், முன்னால் நடுவிலிருந்து எண்ணினால் வரும் மேல் வலது ஆறாம் பல்லும் ஏழாம் பல்லும் சந்திக்கும் இடுக்கில்: ஆறாம் பல்லின் பின்பக்கம் 7, 6, ஏழாம் பல்லின் முன்பக்கம் 6, 6. மீதி எட்டு, கீழ் வரிசை முன்பற்கள் நாலின் நாக்குப் பக்கம், எல்லாம் 4. கீழ் முன்பற்கள் லேசாக ஆடவும் செய்தன.

மீதி 156 இடம் நன்றாகவே இருக்கிறது.

இந்த 156-ஐ என்ன செய்வது? சர்க்கரை ரத்தத்தில் ஓடுகிறது, ரத்தம் வாய் முழுக்க ஓடுகிறது. வலது கடைவாய்க்கு ஒரு சுகர், இடது கடைவாய்க்கு ஒரு சுகர் என்று கிடையாது. இடது பக்கத்து ஆறும் ஏழும் அதே வயது, அதே எச்சில், அதே சாப்பாடு, அதே பிரஷ். அங்கே இரண்டும் மூன்றும்தான்.

நான் படித்துக்கொண்டிருந்தபோது ஈறு நோய்ப் பாடத்தில் இரண்டு ஆய்வுகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒன்று டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோ செய்து 1965-இல் வெளிவந்தது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் பழையபடி ஆனது. பல்லில் படியும் பாக்டீரியாப் படலம்தான் மூல காரணம் என்று அன்றைக்கு நிலைநாட்டிய ஆய்வு அது.

இன்னொன்று நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அதே லோவும் சகாக்களும் 1970-இலிருந்து 15 வருடம் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். 480 ஆண்கள், மலையகத் தமிழர்கள். அவர்களுக்குப் பல் மருத்துவமும் கிடையாது, பிரஷும் கிடையாது. அத்தனை பேர் வாயிலும் படலம், அது கல்லாக இறுகிய காரை, வீங்கிய ஈறு. அப்படியும் 8 சதவீதம் பேருக்கு நோய் வெறி கொண்ட மாதிரி முற்றிப் பற்கள் விழுந்தன, 81 சதவீதம் பேருக்கு மெல்ல நகர்ந்தது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 1986-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம், இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்களே என்று எனக்கு ஓர் உறுத்தல் வரும். அது வேறு கதை.

அழுக்கு ஒன்றாக இருந்தும் ஆளுக்கு ஆள் நோய் வேறுபட்டால் உடம்பைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே நிலைமை நேர் எதிர். ஆள் ஒருவரே, ஆனால் இடத்துக்கு இடம் நோய் வேறுபடுகிறது. அப்படியென்றால் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வலது கடைவாய்

எக்ஸ்ரே எடுத்தேன். பல்லைக் கடித்தபடி எடுக்கும் படம், மேலும் கீழும் ஒன்றாகத் தெரியும். ஆறாம் பல்லின் பின்பக்கம் ஒரு வெள்ளி அடைப்பு. அதன் கீழ்விளிம்பு பல்லோடு வழவழப்பாக முடியாமல் ஒரு மில்லிமீட்டர் அளவு இடுக்குக்குள் துருத்திக்கொண்டிருந்தது, ஓட்டு வீட்டின் தாழ்வாரம் மாதிரி. தாழ்வாரத்துக்கு நேர் அடியில் எலும்பு தின்னப்பட்டிருந்தது. இடது பக்கப் படத்தில் எலும்பின் மேடு மட்டமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டினேன்.

"இந்தத் துருத்தலுக்கு அடியில எந்த பிரஷும் போகாது அண்ணே. போட்ட சாப்பாடு, படிஞ்ச அழுக்கு எல்லாம் அங்கேயே குடியிருக்கும்."

"இந்த அடைப்பை யாரு வச்சாங்களோ" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். பழைய கார்டுகள் இருக்கும் பெட்டியை உதவியாளர் துழாவி ஒன்றை எடுத்து வந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கார்டு; எழுத்து என்னுடையது. அந்த அடைப்பை வைத்தது நான்தான்.

அவரிடம் சொன்னேன். "சரி விடுங்க, ஒம்பது வருஷம் நின்னுச்சே" என்றார். எனக்கு அப்படி விட முடியவில்லை.

இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் சொத்தையை அடைக்கும்போது பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டையைக் கட்டுவோம். பட்டையின் கீழ்விளிம்பு பல்லோடு ஒட்டி நிற்பதற்கு, இடுக்கில் சின்ன மர ஆப்பு ஒன்று செருக வேண்டும். ஆப்பு இல்லாவிட்டால் பட்டை இளகி நிற்கும், அடைக்கும் பொருள் அழுத்தத்தில் அந்த வழியே பிதுங்கி வெளியே வரும், கெட்டியானதும் தாழ்வாரம் ஆகிவிடும். அன்றைக்கு நான் ஆப்பு செருகாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது செருகியது சரியாக உட்காரவில்லை. ஆப்பு வைக்காமல் விட்டு அவருக்கு ஆப்பு வைத்துவிட்டேன். முடித்த கையோடு ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கார்டில் அப்படி எதுவும் இல்லை.

1983-இல் நிக்லாஸ் லாங்கும் சகாக்களும் செய்த ஒரு சோதனை இதற்குப் பொருந்தும். ஈறு நன்றாக இருந்த மாணவர்களுக்கு, வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் துருத்தல் உள்ள தங்க அடைப்புகளைப் பொருத்திப் பார்த்தார்கள். துருத்தலுக்கு அடியில் அழுக்கின் அளவு கூடியது மட்டுமில்லை, அங்கே வாழும் பாக்டீரியாக் கூட்டமே மாறியது. நாள்பட்ட ஈறு நோயில் பார்க்கும் கூட்டத்தைப் போல ஆனது. துருத்தலை எடுத்ததும் பழையபடி திரும்பியது.

அந்த இடுக்கில் இன்னும் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஃப்ளாஸ் நூலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே விட்டால் 'டிக்' என்று தடுத்து உள்ளே போக வேண்டும். இங்கே தடுக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. நான் வைத்த அடைப்பின் பக்கவாட்டில் புடைப்பு போதாமல் பல் தொடுப்பு விட்டுப்போயிருந்தது. அதோடு, கீழ் ஏழாம் பல்லின் ஒரு முகடு நேராக அந்தச் சந்தில் வந்து உட்காருகிறது. வாயைக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் உரலில் உலக்கை இறங்குகிற மாதிரி சாப்பாட்டை உள்ளே குத்தி இறக்கும். இப்படிச் சாப்பாடு குத்தி இறங்குவதை ஹிர்ஷ்ஃபெல்ட் என்பவர் 1930-லேயே வகை பிரித்து எழுதிவிட்டார். எது மாட்டுகிறது என்று கேட்டேன். பரோட்டா மாட்டாதாம். கறி நார், முருங்கைக்காய் நார், கீரைத் தண்டு.

"எதை வச்சு எடுப்பீங்க?"

சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தார். பழைய அச்சு டிக்கெட். நீளவாக்கில் இரண்டாக மடித்து, அதை மறுபடி மடித்து, நுனியை நகத்தால் நீவிக் கூராக்கினார். மூன்று வினாடி ஆகியிருக்காது. "மிஷின் டிக்கெட் நைஞ்சிடும் டாக்டரம்மா. இதுதான் விறைப்பா நிக்கும். அதான் பழைய கட்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்." ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. ஈறு முக்கோணம் குத்துப்பட்டுக் குத்துப்பட்டு மழுங்கி, இடுக்கு இன்னும் அகலமாகிவிட்டது. இடுக்கு அகலமாக ஆக இன்னும் அதிகமாக மாட்டும், மாட்ட மாட்ட இன்னும் குத்துவார். ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்குச்சி, கம்மல் திருகு எல்லாம் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டில் இவ்வளவு கைத்தேர்ச்சியை இவரிடம்தான் பார்த்தேன்.

கீழ் முன்பற்கள்

இங்கே விஷயம் எளிது, பார்த்தாலே தெரியும். கீழ் முன்பற்கள் நாலும் இடமில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நாக்குப் பக்கம் நாலையும் சேர்த்துக் கட்டிய சுவர் மாதிரி மஞ்சளும் பழுப்புமாகக் காரை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பது அங்கேதான். எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய. படலம் துலக்கப்படாமல் கிடந்தால் சில மணி நேரத்திலேயே அதில் சுண்ணாம்பு ஏற ஆரம்பித்து, 12 நாளில் 60 முதல் 90 சதவீதம் வரை கல்லாகிவிடும். மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கமும் இப்படித்தான், அங்கே இன்னொரு சுரப்பியின் வாய்.

காரையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, அது முள்ளாகக் குத்தி ஈறைப் புண்ணாக்குகிறது என்று. அப்படி இல்லை. காரையின் மேல் எப்போதும் உயிருள்ள படலம் ஒன்று போர்த்தியிருக்கும், தீங்கு செய்வது அதுதான். காரை அதற்குக் குடியிருப்பு. சொரசொரப்பான, ஓட்டையும் உடைசலுமான, எந்த பிரஷும் காலி பண்ண வைக்க முடியாத குடியிருப்பு.

ஸ்கேலிங் பண்ணும்போது சுவரின் பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து ஸ்டீல் தட்டில் 'டங்' என்று விழுந்தது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என் பல்லைச் சுரண்டி எடுத்துட்டீங்களே!"

துண்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் நாக்கு பட்டுப் பட்டு வழுவழுவென்று, மறுபக்கம் பல் அச்சு பதிந்து குழிவாக இருந்தது. தான் இவ்வளவு நாளும் பல்லின் முதுகு என்று நாக்கால் தடவிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வீட்டில் காட்டுவதற்காக ஒரு டிக்கெட்டில் மடித்து எடுத்துப்போனார்.

க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்று ஊரில் சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று இவரை வைத்தே சொல்லலாம். எலும்பு கரைந்து ஆட்டம் கண்ட பல்லைக் காரை சிமெண்ட் மாதிரி பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். இடுக்கு தெரியும், பச்சைத் தண்ணீர் பட்டால் கூசும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து ஈறு இறுகினால் ஆட்டம் குறையும். இதை முதலிலேயே சொல்லாமல் சுத்தம் செய்து அனுப்பினால், அவர் அடுத்த நாள் பஸ்ஸில் ஐம்பது பேரிடம் சொல்வார், ஐம்பது பேரும் பத்து வருடத்துக்கு எங்கள் பக்கம் வர மாட்டார்கள். நான் எப்போதும் முதலிலேயே சொல்லிவிடுவது.

பெயர் வைத்தல்

பன்னாட்டு ஈறு நோய் நிபுணர்கள் 2017-இல் கூடி 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறோம். பல்லையும் பல்லில் பொருத்திய பொருள்களையும் சார்ந்த காரணங்களுக்கு அதில் தனி இடமே உண்டு. இவருக்கு இடுக்கில் பல்லோடு ஈறுக்கு இருந்த பிடிப்பு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்ததால் மூன்றாம் நிலை. பாதிக்கப்பட்ட பற்கள் 30 சதவீதத்துக்குக் கீழ், அதனால் ஓரிடப் பரவல். அடுத்து தரம், அதாவது நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பது. சுகர் உள்ளவருக்கு ஹெச்பிஏ1சி 7.0-க்குக் கீழே என்றால் 'பி', 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் 'சி'. இவருக்கு 7.1. புள்ளி ஒன்றில் 'சி' ஆகிவிட்டார். எழுத வேண்டியதை எழுதினேன், ஆனால் அந்த எழுத்தைப் பார்க்கிறவர்கள் மறுபடி சுகரிடம்தான் போய் நிற்பார்கள் என்று தோன்றியது.

செய்தது

முதல் முறை முழு வாய் ஸ்கேலிங். ஒரு வாரம் கழித்து மரத்துப்போக ஊசி போட்டு, ஆறாம் ஏழாம் பற்களின் வேரை ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தேன். ஆறாம் பல்லின் பின்பக்கம் இரண்டு வேர் பிரியும் கவை இருக்கிறது. வளைந்த கம்பி அதன் வாயில் லேசாக மாட்டியது. அது கவலை தரும் விஷயம், ஏனென்றால் கவைக்குள் நோய் நுழைந்துவிட்டால் அங்கே எந்தக் கருவியும் முழுசாகப் போகாது.

அதே அன்று பழைய வெள்ளி அடைப்பை எடுத்தேன். ரப்பர் விரிப்பு கட்டி, பக்கவாட்டுப் பட்டை, அழுத்தும் வளையம், இந்த முறை ஆப்பு. பல் நிறப் பொருளால் அடைத்து, பட்டையை எடுத்துவிட்டு முதலில் ஃப்ளாஸ் விட்டுப் பார்த்தேன், 'டிக்' என்றது. எக்ஸ்ரேயும் எடுத்தேன். அடைப்பின் விளிம்பிலிருந்து எலும்பு வரை மூன்று மில்லிமீட்டர் இருந்தது. ஈறு பல்லோடு ஒட்டிக்கொள்ள எலும்புக்கு மேல் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இடம் வேண்டும். அதற்குள் அடைப்போ கேப் விளிம்போ போனால் எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் ஈறு சிவந்தே கிடக்கும். முன்பல்லுக்குக் கேப் போட்டு, விளிம்பு தெரியக் கூடாது என்று ஈறுக்குள் ஆழமாக இறக்கியவர்கள் மாதக்கணக்கில் ரத்தத்தோடு வருவது இதனால்தான். இவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கீழ் ஏழாம் பல்லின் முகட்டைக் கொஞ்சம் மழுக்கிவிட்டேன்.

டிக்கெட்டுக்குப் பதில் இடுக்கு பிரஷ். ஃப்ளாஸை அவர் ஓடும் பஸ்ஸில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று எனக்கே தெரியும். சின்னப் பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும் அது அவருக்குப் பிடித்துப்போனது. காசுப் பையில் ஓர் அறையில் போட்டுக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து

இடுக்கில் 7 இருந்த இடம் 4. மற்ற மூன்றும் 3. கீழ் முன்பற்கள் எட்டு இடமும் 2, 3. ரத்தம் நின்றுவிட்டது. நாற்றம் போய்விட்டதாக மனைவி சொன்னாராம். கார்டை மூடிவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லலாம் என்று நினைத்தபோது, "அந்தக் கொப்புளம் மட்டும் போன வாரம் வந்துச்சு" என்றார்.

அப்போதுதான் முதல் நாள் எழுதிவைத்ததே ஞாபகம் வந்தது.

மேல் இடது பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த சின்ன வெட்டுப்பல். அண்ணப் பக்கத்து ஈறை விரலால் அழுத்தினேன், ஒரு சொட்டு சீழ் வந்தது. முதல் நாள் கார்டில் அந்தப் பல்லுக்கு 2, 2, 3 என்று இருக்கிறது. மறுபடி அளந்தேன். 2. 2. 3. அப்புறம் கம்பியை வெளியே எடுக்காமல், ஈறு இடுக்கிலேயே ஓரத்திலிருந்து ஓரம் வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நடத்திக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் காலடியில் தரை போன மாதிரி கம்பி விழுந்தது. 8. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 3.

முதல் நாள் நான் கம்பியை நடத்தவில்லை. மூன்று இடத்தில் குத்தி எடுத்தேன். பை அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்தது. கம்பியை நடத்து, குத்தாதே என்று முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம்.

இப்படி அகலமில்லாமல் கிணறு மாதிரி ஆழமாக ஒரே இடத்தில் விழும் பைக்கு இரண்டு மூன்று காரணங்கள்தான் உண்டு. வேர் விரிசல்; நரம்பு செத்து, வேர் நுனிச் சீழ் வழி தேடுவது; அல்லது வேரில் பிறவிப் பள்ளம். மின் சோதனையிலும் குளிர்ச் சோதனையிலும் பல் உயிரோடுதான் இருந்தது. அந்தப் பல்லுக்கு அடியோ அடைப்போ இல்லை, விரிசலுக்கு வாய்ப்பு குறைவு. காற்று அடித்து ஈறை விலக்கிப் பார்த்தால், பல்லின் முதுகிலிருக்கும் மேட்டில் ஆரம்பித்து ஈறுக்குள் இறங்கிப் போகும் ஒரு மெல்லிய வரி. நகத்தால் களிமண்ணில் கீறினது போல. அண்ணப் பக்கத்து வேர்ப் பள்ளம். நூறு பேரைப் பார்த்தால் சிலருக்கு இருக்கும், பெரும்பாலும் இந்தச் சின்ன வெட்டுப்பல்லில்தான்.

பல் உருவாகும்போது அதன் உறை ஓரிடத்தில் லேசாக உள்மடிந்துவிடுவதால் வருவது. மேல் சின்ன வெட்டுப்பல்லின் தலைப்பகுதி முடிந்து வேர் தொடங்குவது நாலைந்து வயதில். அந்த வயதில் விழுந்த கீறல், எட்டொன்பது வயதில் பல் முளைத்த பிறகும் சும்மாதான் இருந்திருக்கும். ஈறு அதை மூடிக் காத்துவந்தது. எப்போதோ மேட்டில் அழுக்கு படிந்து ஈறின் பிடிப்பு விட்டதும், பள்ளம் வாய்க்காலாகி பாக்டீரியாவை நேரே வேருக்குள் இறக்கிவிட்டது. பிரஷின் ஒரு நார்கூட அதற்குள் போகாது. சுகர் வருவதற்கு முப்பது வருடம் முன்பே தயாராக இருந்த இடம் அது.

ஈறுக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு சுரண்டினால் இந்தப் பள்ளம் சுத்தமாகாது. அண்ணப் பக்கத்து ஈறை விலக்கித் திறந்தேன். பள்ளம் வேரில் பாதி தூரம் போய் மங்கி மறைந்தது. அது நல்ல செய்தி, நுனி வரை போயிருந்தால் பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம். பர் என்கிற மென்மையான சுழல் முனையை வைத்துப் பள்ளத்தை ஆழம் குறைத்து வழவழப்பாக்கினேன். மீதி வரியைக் கண்ணாடி அயனோமர் என்ற அடைப்புப் பொருளால் மூடி, எலும்புக் குழியில் எலும்புத் துகள் வைத்துத் தையல் போட்டேன். பத்து நாளில் தையல் பிரித்தாயிற்று.

இவர் வாயில் இல்லாத இடம் சார்ந்த காரணங்கள் இன்னும் பல உண்டு. கழற்றி மாட்டும் பல்செட்டின் கொக்கி, பல் கிளிப், வாயால் மூச்சு விடுபவர்களின் வறண்ட மேல் முன் ஈறு, கீழ்க் கடைவாய்ப் பல்லின் கவைக்குள் நீண்டிருக்கும் எனாமல் நாக்கு, வேரில் ஒட்டியிருக்கும் எனாமல் முத்து, படுத்த ஞானப்பல்லால் அதற்கு முந்தைய பல்லின் பின்பக்கம் விழும் பை. இதில் எதுவும் தனியாக நோயை உண்டாக்காது. படலத்துக்கு ஒரு மறைவிடம் தரும், அவ்வளவுதான். ஆனால் மறைவிடத்தை எடுக்காமல் மவுத்வாஷும் மாத்திரையும் எழுதித்தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆறு மாதம்

சின்ன வெட்டுப்பல்லில் 8 இருந்த இடம் 3. கொப்புளம் திரும்ப வரவில்லை. ஈறு ஒரு மில்லிமீட்டர் ஏறிவிட்டது, உள்பக்கம் என்பதால் அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் குழி மங்கலாக நிரம்பியிருக்கிறது. அது அவர் எலும்பா நான் வைத்த துகளா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆறாம் பல்லின் பின்பக்கம் இன்னும் 4, தொட்டால் ஒரு துளி ரத்தம். கவையின் வாய்தான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டுமாவது சுத்தம் செய்ய வரச் சொல்லியிருக்கிறேன். கீழ் முன்பற்களின் பின்னால் நூல் மாதிரி மறுபடி காரை ஆரம்பித்திருந்தது. பல் வரிசை அப்படியேதான் இருக்கிறது, எச்சில் வாயும் அங்கேயேதான் இருக்கிறது, அதனால் அது வரத்தான் செய்யும். எடுத்துவிட்டேன்.

ஹெச்பிஏ1சி 6.8. ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரை கொஞ்சம் இறங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் இந்த ஆறு மாதத்தில் அவர் இரவு பரோட்டாவையும் விட்டிருக்கிறார். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது.

கிளம்பும்போது பழைய டிக்கெட் கட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டிப்போவில் ஒரு டிரைவர் வாங்கிக்கொண்டாராம். அவரையும் ஒரு நாள் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.